வீடு திரும்பிய பொம்பாக்காரர்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மலேசியத் தமிழ் நாளிதழ்களில் மரண அறிவிப்புகள் வராத நாளில்லை. மேலே படம். அதன் கீழே மனைவி, மகன்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகளின் பெயர்கள். நல்லுடல் எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து புறப்படும், எந்த மின்சுடலைக்குப் போகும், பதினாறாம் நாள் கருமக்கிரியை எங்கே நடக்கும் என்ற விவரங்கள். இவற்றுக்கு நடுவில் எப்போதாவது ஒரு வரி தென்படும்: ‘முன்னாள் பொம்பா’, அதாவது தீயணைப்புத் துறையில் இருந்தவர். முப்பது, முப்பத்தைந்து ஆண்டுக்கால வேலை முழுவதும் அந்த வரிக்குள் அடங்கிவிடுகிறது. படிக்கிறவர் அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்.

அந்த ஒரு வரிக்குள் என்னென்ன இருக்கிறது என்பதுதான் இந்த உரையின் பொருள்.

கடமையில் உயிர்விட்ட தீயணைப்பு வீரரை நினைவுகூர நாட்டுக்கு வழி தெரியும். கொடி போர்த்துவார்கள், அமைச்சர் வருவார், பெயர் கல்லில் ஏறும். பணியை முழுவதுமாக முடித்து, பென்ஷன் வாங்கி, பேரப்பிள்ளையை மோட்டார் சைக்கிளில் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப் போய், சர்க்கரையோடும் முட்டிவலியோடும் எழுபது வயதைத் தொட்டுப் போய்ச் சேர்ந்தவரை நினைவுகூர அப்படி ஒரு வழி இல்லை. பொம்பாவில் வேலை பார்த்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இவர்கள்தாம். ஒவ்வொரு ஷிப்டு முடிந்தும் உயிரோடு வீட்டுக்குத் திரும்பி வந்த காரணத்தாலேயே இவர்கள் கதை யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. இது பெரிய அநியாயம்.

ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவருக்குப் பெயர் வைக்கத் தேவையில்லை. ஜொகூரில் அவரைப் போன்றவர்கள் பலர். 1957இல், மெர்டேக்கா ஆண்டில், ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் லயத்து வீட்டில் பிறந்தவர் என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா இருவரும் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, பிறகு டவுனில் இடைநிலைப்பள்ளி. இருபது வயதில் பொம்பாவில் சேர்கிறார். தோட்டத்துப் பிள்ளை ஒருவனுக்கு அரசாங்க வேலை கிடைப்பது அன்று ஒரு குடும்பத்தின் போக்கையே மாற்றிய விஷயம். மாதம் தவறாத சம்பளம், குவாட்டர்ஸ், அரசாங்க ஆஸ்பத்திரி, கடைசிக் காலத்தில் பென்ஷன். தம்பி தங்கைகளின் படிப்பும் கல்யாணமும் அந்தச் சம்பளத்தில்தான் நடந்தன.

அவர் சேர்ந்த காலம் துறைக்கே புதிய காலம். மாநிலங்களின் பொறுப்பில் இருந்த தீயணைப்புச் சேவை 1976 ஜனவரி 1 முதல் கூட்டரசின் கைக்கு வந்தது. சேர்ந்த அதே வருடமே ஜொகூர் தன் வரலாற்றின் மிகக் கொடிய இரவு ஒன்றைக் கண்டது. 1977 டிசம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை. பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட மலேசிய விமானம் எம்.எச். 653 நடுவானில் கடத்தப்பட்டு, கெலாங் பாத்தாவை அடுத்த தஞ்சோங் கூப்பாங் சதுப்பில் விழுந்து நொறுங்கியது. பயணிகள் 93 பேர், பணியாளர்கள் 7 பேர். நூறு பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. விவசாய அமைச்சர் அலி ஹாஜி அகமட் அதில் இருந்தார். கியூபாவின் தூதரும் இருந்தார். மீட்கப் போனவர்களுக்கு மீட்பதற்கு உயிர் எதுவும் இருக்கவில்லை. இன்னாருடையது என்று பிரித்தறிய முடியாத உடல் மிச்சங்களை ஜொகூர் பாருவில் கெபுன் தே சாலையோரம் ஒன்றாக அடக்கம் செய்தார்கள். நினைவிடம் இன்றும் அங்கே இருக்கிறது.

அந்த மாதிரியான காட்சியை இருபது வயதில் பார்த்த ஒருவருக்கு மறுநாள் என்ன நடக்கும்? ஸ்டேஷனுக்குத் திரும்பி, குளித்து, டீ குடித்து, அடுத்த அழைப்புக்குத் தயாராக வேண்டும். மனநல ஆலோசனை என்பதெல்லாம் உலகம் முழுவதுமே தீயணைப்புத் துறைகளுக்குத் தாமதமாக வந்து சேர்ந்தது. பேசாமல் இருப்பதே ஆண்மை என்று அந்தத் தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பல வீடுகளில் அப்பா ஏன் சில நாள் இரவு வாசற்படியில் தனியாக உட்கார்ந்திருந்தார் என்பது பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது.

தஞ்சோங் கூப்பாங் போன்ற இரவுகள் ஒரு பணிக்காலத்தில் ஒன்றோ இரண்டோதான் வரும். மற்ற நாட்களின் வேலை பத்திரிகையில் வராத வேலை. பழைய லயங்களில் பலகைச் சுவர், மேலே தகரம். ஒரு வீட்டுச் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். ஒரு மண்ணெண்ணெய் விளக்கு சாய்ந்தால் வரிசை முழுவதும் போய்விடும். தோட்டச் சாலையில் வண்டி வந்து சேர்வதற்குள் பாதி எரிந்திருக்கும். மிச்சப் பாதியைக் காப்பாற்றுவதுதான் அவர்கள் திறமை. பொந்தியான், பத்து பஹாட் பக்கம் வேறு விதமான தீ. முழுதாக மக்காத வேரும் இலையும் அடிக்கணக்கில் படிந்த சதுப்பு மண் அங்கே. வறட்சிக் காலத்தில் அந்த மண்ணே பற்றிக்கொள்ளும். மேலே ஜுவாலை தெரியாது, புகை மட்டும் வரும். தீ காலுக்கடியில் ஊர்ந்துகொண்டிருக்கும். நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில், தண்ணீரை மண்ணுக்குள் இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கைதட்ட ஆளில்லாத வேலை.

பிறகு சாலை. ஆயர் ஈத்தாம், யோங் பெங், சிகாமட் வழியாகப் போன பழைய நெடுஞ்சாலையிலும், 1994இல் முழுமையாகத் திறந்த வடக்கு தெற்கு நெடுஞ்சாலையிலும் நசுங்கிய கார்களுக்குள்ளிருந்து ஆட்களை வெட்டி எடுத்தவர்கள் பொம்பாக்காரர்கள். காருக்குள் சிக்கியவரின் தலையைப் பிடித்துக்கொண்டு, ‘இதோ ஆச்சு, கண்ணை மூடாதீங்க’ என்று பேசிக்கொண்டே இருப்பது ஒருவரின் வேலை. இரும்பை வெட்டுவது இன்னொருவரின் வேலை. 1997இல் துறையின் பெயர் ‘மலேசியத் தீயணைப்பு மீட்புத் துறை’ என்று மாறியது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அவர்கள் மீட்பு வேலைதான் செய்துகொண்டிருந்தார்கள்.

2001 டிசம்பர் 27. நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூறாவளி உருவாகாது என்பது வானிலைப் பாடம். அந்தப் பாடத்தை மீறி, கோட்டுக்கு ஒன்றரைப் பாகை வடக்கிலேயே உருவான ‘வாமேய்’ சூறாவளி ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது. குனோங் பூலாய் சரிவில் மண்ணும் தண்ணீரும் இறங்கி ஐந்து பேர் இறந்தார்கள். ஐந்து ஆண்டு கழித்து, 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும், அடுத்தடுத்து இரண்டு பெருவெள்ளம். கோத்தா திங்கி நகரம் மூழ்கியது. சிகாமட், குளுவாங், பத்து பஹாட் எங்கும் தண்ணீர். ஜொகூரில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நிவாரண மையங்களுக்குப் போனார்கள். நாம் எண்ணிப் பார்க்கும் மனிதருக்கு அப்போது ஐம்பது வயது. படகின் முனையில் நிற்கும் வயதைத் தாண்டியவர். ஆனால் எந்தக் கம்பத்துக்கு எந்த மேட்டுவழியாகப் போகலாம், எந்தப் பாலத்துக்குக் கீழே நீரோட்டம் சுழலும் என்பது அவருக்குத்தான் தெரியும். வரைபடத்தில் இல்லாத அறிவு அது. அதை எழுதி வைக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அவர் ஓய்வுபெற்றது 2012 அல்லது 2013ஆக இருக்கலாம். ஒரு சிறு விருந்து, ஒரு பாராட்டுப் பத்திரம், கூட வேலை பார்த்தவர்களோடு ஒரு குழுப்படம்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை அவர் தொலைக்காட்சியில் பார்த்தார். 2016 அக்டோபர் 25, செவ்வாய்க்கிழமை காலை. தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தது. ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், தீவிர சிகிச்சைப் பிரிவில் தீ. வேறு எந்த இடத்தில் தீப்பிடித்தாலும் ‘ஓடுங்கள்’ என்று கத்தலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பவரால் ஓட முடியாது. செயற்கை சுவாசக் குழாய் வாயில், மருந்துக் குழாய்கள் கையில். படுக்கையோடு சேர்த்துத்தான் நகர்த்த வேண்டும். உயிரைக் காக்க வைத்திருக்கும் ஆக்ஸிஜனே தீயைக் கொழுந்துவிடச் செய்யும். தாதியரும் மருத்துவர்களும் தீயணைப்பு வீரர்களும் புகைக்குள் போய்ப் போய் வந்தார்கள். ஆறு நோயாளிகள் இறந்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி முகமட் ஹிஷாமுடின் யூனூஸ் தலைமையில் தனி விசாரணைக் குழு அமைந்தது. அது போருக்கு முன் கட்டத் தொடங்கிய பழைய மருத்துவமனை. ஜொகூர்த் தமிழர்கள் பலர் அங்கே பிறந்தவர்கள். அன்று காலை ஓய்வுபெற்ற பொம்பாக்காரர்கள் எத்தனை பேர் தொலைக்காட்சி முன்னால் உட்கார முடியாமல் எழுந்து எழுந்து நின்றிருப்பார்கள்!

அதே ஆண்டு டிசம்பர் 24. ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூருக்குப் போன விரைவுப் பேருந்து பாகோ அருகே நெடுஞ்சாலையிலிருந்து சரிவில் விழுந்தது. 14 பேர் இறந்தார்கள். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறி மயங்கினார்கள். 111 பள்ளிகளை மூடும்படி ஆனது. உடல் முழுவதும் மூடிய பாதுகாப்பு உடையில், அந்த வெயிலில், ஆற்றோரம் இறங்கியவர்கள் பொம்பாவின் அபாயப் பொருள் பிரிவினர். 1977இல் சேர்ந்தவருக்கு இப்படி ஒரு உடை கண்ணில் பட்டதே பிற்காலத்தில்தான். அவரும் தம் காலத்தில் இரசாயனத் தீக்குப் போனவர்தான். தொழிற்பேட்டைகள் பெருகிய மாநிலம் இது. அவர் போட்டிருந்தது கோட்டும் பூட்ஸும்.

இங்கே கொஞ்சம் நின்று வீட்டுக்குள் போக வேண்டும்.

பொம்பாக்காரர் வீட்டில் பண்டிகை என்பது ஸ்டேஷன் அட்டவணையைப் பார்த்து முடிவாகும். நோன்புப் பெருநாளுக்கு மலாய் நண்பர்கள் ஊருக்குப் போகத் தமிழரும் சீனரும் ஷிப்டு பார்ப்பார்கள். தீபாவளிக்கு மலாய் நண்பர்கள் பார்ப்பார்கள். நாட்டில் ஒற்றுமை பற்றி எவ்வளவோ பேசுகிறோம். இந்த ஷிப்டு மாற்றத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனாலும் பட்டாசு வெடிக்கும் இரவில் அழைப்புகள் அதிகம், மழைக்காலத்தில் விடுப்பே கிடையாது. பிள்ளைகள் புதுச்சட்டை போட்டுக்கொண்டு அப்பாவுக்காகக் காத்திருந்த தீபாவளிகள் உண்டு. அம்மா முறுக்கை டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்ப, அது ஸ்டேஷன் மேசையில் ஐந்து நிமிடத்தில் காலியான கதைகளும் உண்டு.

மனைவியின் வேலை இன்னும் கனமானது. ஷிப்டு முடிந்து வந்தவரின் சட்டையில் புகை நாற்றம் இருக்கும். அதை வாளியில் ஊறவைத்துக் கையால் கசக்கித் துவைத்தவர் அவர். கரி படிந்த சட்டை உழைப்பின் அடையாளம் என்று அன்று பெருமையாக நினைத்தார்கள். அந்தக் கரியில் என்ன இருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

வீட்டில் அவருக்குச் சில பிடிவாதங்கள் இருக்கும். கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் மணவறையைப் பார்ப்பார்கள். அவர் வெளியேறும் கதவைப் பார்ப்பார், அது பூட்டியிருந்தால் மண்டபக்காரரைத் தேடிப் போவார். சாமி மேடை விளக்குக்குப் பக்கத்தில் திரைச்சீலை தொங்க விடமாட்டார். ஒரு பிளக்கில் மூன்று வயர் செருகியிருந்தால் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் பேசுவார். கேஸ் தோம்பை மாற்றினால் சோப்பு நுரை தடவிப் பார்ப்பார். எல்லாவற்றையும் விட முக்கியமாக, கிரில் சாவி. மலேசியாவின் தாமான் வீடுகளில் திருடனுக்குப் பயந்து ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி, வாசலுக்குக் கிரில், அதற்கு இரண்டு பூட்டு. இரவில் தீப்பிடித்தால் புகைக்குள் சாவியைத் தேட முடியாமல் முழுக் குடும்பமும் மாட்டிக்கொள்கிறது. வாசலுக்கு இரண்டடிக்கு அப்பால் அப்படிக் கிடந்தவர்களைக் கண்ணால் பார்த்தவர் சாவியை வேறெங்கும் வைக்க விடுவாரா? ஆணியில், பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில், எப்போதும் ஒரே இடத்தில். பேரப்பிள்ளைகள் வந்து தங்கும் இரவில் அதை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார்.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. அறைக்குள் தீ எப்படி வளர்கிறது என்பதே அவர் பணிக்காலத்துக்குள் மாறிவிட்டது. அமெரிக்காவில் யூ.எல். என்ற ஆய்வு நிறுவனம் இரண்டு அறைகளைக் கட்டி எரித்துப் பார்த்தது. ஒன்றில் பழைய காலத்து மரச் சாமான், பருத்தித் துணி. இன்னொன்றில் இன்றைய நுரை மெத்தை சோபா, செயற்கைத் துணி. பழைய அறை முழுவதும் ஒரேயடியாகப் பற்றிக்கொள்ள சுமார் 29 நிமிடம் ஆனது. புதிய அறைக்கு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. வண்டி ஸ்டேஷனை விட்டுப் புறப்படும்போதே அறை போய்விடுகிறது என்று பொருள். முன்பு உள்ளே போய் ஆளைத் தூக்கி வரக் கிடைத்த நேரம் இன்று இல்லை. எரியும் பொருளிலிருந்து வரும் புகையும் முன்பைவிட நஞ்சானது.

திரும்பி வராதவர்களையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். 2018 அக்டோபர் 3ஆம் தேதி, சிலாங்கூர் தாமான் புத்ரா பெர்டானாவில், குட்டையில் விழுந்த 17 வயதுப் பையனைத் தேடி இறங்கிய நீர்மீட்புப் பிரிவினர் ஆறு பேர் சுழலில் இழுபட்டு இறந்தார்கள். அடுத்த மாதம், நவம்பர் 27 அதிகாலை, சுபாங் ஜெயா சீஃபீல்டு மாரியம்மன் கோயில் அருகே நடந்த கலவரத்தின்போது தீயை அணைக்கப் போன முகமட் அடிப் முகமட் காசிம் படுகாயமடைந்து டிசம்பர் 17இல் இறந்தார். அவருக்கு வயது 24, கல்யாணம் நெருங்கியிருந்தது. நம் கோயில் வாசலுக்கு உதவிக்கு வந்த பிள்ளை அவர். தமிழ் மேடைகளில் அவர் பெயரைச் சொல்லத் தயங்கக்கூடாது. அதே ஆண்டு மார்ச்சில், பாம்பு பிடிப்பதில் நாடறிந்த பஹாங் வீரர் அபு ஸரின் ஹுசேன் நாகம் தீண்டி 33 வயதில் போனார். இந்தியாவில் ஏப்ரல் 14 தீயணைப்புச் சேவை நாள். 1944இல் அதே தேதியில் பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ கப்பல் வெடித்தபோது 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். லண்டன் தீயணைப்புப் படையைக் கட்டியெழுப்பிய ஜேம்ஸ் பிரெய்ட்வுட் 1861 ஜூனில் டூலி தெரு தீயில் சுவர் இடிந்து இறந்தார். அவரைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் அவர் வளர்ப்பு மகன் ஏற்கெனவே கிடந்தார். அவரும் தீயணைப்பு வீரர், அவரும் பணியில் இறந்தவர்.

இவர்களுக்குக் கல்லும் நாளும் இருக்கின்றன. திரும்பி வந்தவர்களின் கணக்கு வேறு.

2001 செப்டம்பர் 11 அன்று இரட்டைக் கோபுரத் தாக்குதலில் நியூயார்க் தீயணைப்புத் துறை 343 பேரை இழந்தது. உலகமே அந்த எண்ணை அறியும். அன்று பிழைத்து, மாதக் கணக்கில் இடிபாட்டுக்குள் நின்று, அந்தப் புழுதியைச் சுவாசித்தவர்களில் பலருக்குப் பிறகு புற்றுநோயும் நுரையீரல் நோயும் வந்தன. 2023 செப்டம்பரில், அப்படி நோயால் இறந்த வீரர்களின் எண்ணிக்கையும் 343ஐத் தொட்டது. ஒரே நாளில் போனவர்கள் அத்தனை பேர். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒவ்வொருவராக, வீட்டுக் கட்டிலிலும் ஆஸ்பத்திரியிலும் போனவர்கள் அதே அளவு.

அவர்களில் ஒருவர் ரே ஃபைஃபர். இடிபாட்டில் எட்டு மாதம் தேடுதல் வேலை பார்த்தவர். 2009இல் புற்றுநோய் என்று தெரிந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வாஷிங்டனுக்குப் போய், ஒவ்வொரு எம்.பி.யின் அறைக் கதவையும் தட்டினார். நோயுற்ற மீட்புப் பணியாளர்களுக்கான மருத்துவத் திட்டம் காலாவதியாகும் நிலையில் இருந்தது. அதை நீட்டிக்க வேண்டும் என்பதே கோரிக்கை. 2015 டிசம்பரில் நாடாளுமன்றம் அதை 2090 வரை நீட்டித்தது. ஃபைஃபர் 2017 மே மாதம் இறந்தார். மனைவி, இரண்டு பிள்ளைகள். தமக்கு இனிப் பயனில்லை என்று தெரிந்த நிலையிலும் கூட வேலை பார்த்தவர்களுக்காக அலைந்த மனிதர். ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் ஒருவரை எதற்காக நேசித்தார்கள் என்று கேட்டால் அவரைக் காட்டலாம்.

நியூயார்க்கின் புழுதி அசாதாரணமானது, சாதாரணத் தீயில் அவ்வளவு ஆபத்து இருக்காது என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2022 ஜூனில் எட்டு நாடுகளைச் சேர்ந்த 25 அறிவியலாளர்களைக் கூட்டி ஆய்ந்து, தீயணைப்புத் தொழிலையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் பிரிவு அது. 2007இல் ‘இருக்கலாம்’ என்ற அளவில் சொன்னதை இப்போது உறுதியாகச் சொன்னார்கள். நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய்க்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் போதுமான சான்று கிடைத்திருக்கிறது. பெருங்குடல், புரோஸ்டேட் சுரப்பி, விரை உள்ளிட்ட வேறு சிலவற்றுக்கு ஓரளவு சான்று. புகை மூக்கு வழியாக மட்டும் போவதில்லை. வியர்த்த தோல் வழியாகவும், கழுத்து வழியாகவும் உள்ளே இறங்குகிறது. கரி படிந்த சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், தீ நடந்த இடத்திலேயே தூசி தட்டிக் கழுவுங்கள், ஸ்டேஷனிலேயே துவையுங்கள் என்று இன்று சொல்வது அதனால்தான்.

பழைய கட்டடங்களில் கூரையும் உட்கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் தகடு. எரிந்து வெடித்தால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் பறக்கும். மீசோதீலியோமா அந்த இழை உள்ளே போன 20 முதல் 50 ஆண்டு கழித்துத் தலைகாட்டும் நோய். 1980இல் மூச்சுக்கருவி இல்லாமல், அல்லது ‘தீ அணைந்தாச்சு’ என்று அதைக் கழற்றிவிட்டு, சாம்பலைக் கிளறியவருக்கு இன்று வரக்கூடிய நோய் அது. இதயமும் அப்படித்தான். ஹார்வர்டைச் சேர்ந்த ஸ்டெஃபனோஸ் கேல்ஸ் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களின் பணிநேர மரணங்களில் 45 சதவீதம் இதயநோயால் நிகழ்ந்தவை. தூக்கத்தில் மணி அடித்து, ஒரே தாவலில் எழுந்து, இருபது கிலோவுக்கு மேல் சுமையோடு வெப்பத்துக்குள் போவதை முப்பது ஆண்டு செய்த இதயம் அது.

தப்பித்து வந்து மறுபடி சீருடை போட்டவர்களும் இருக்கிறார்கள். சென்னை சேப்பாக்கம் எழிலகத்தில் கலச மகால் 2012 ஜனவரி 16 அதிகாலை, மாட்டுப் பொங்கலன்று எரிந்தது. கூரை இடிந்து ஓர் அதிகாரி இறந்தார். கோட்ட அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் பலத்த தீக்காயங்களோடு பிழைத்து, சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பினார். பெண்கள் இந்தத் துறைக்கு எதற்கு என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை, வேலைக்குப் போனார்.

ஜொகூரில் செய்ய வேண்டியது என்ன? முதலில், கேட்க வேண்டும். அண்டை சிங்கப்பூரில் 1979இலேயே வாய்மொழி வரலாற்று மையம் தொடங்கி, சாதாரண மனிதர்களின் குரலைப் பதிவுசெய்து தேசிய ஆவணக் காப்பகத்தில் வைத்திருக்கிறார்கள். இங்கே நம் கையில் போன் இருக்கிறது. பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ‘உங்க வாழ்க்கை அனுபவம் சொல்லுங்க தாத்தா’ என்று கேட்டால் ஒன்றும் வராது. எந்த ஸ்டேஷனில் இருந்தீங்க, முதல் வண்டி எது, அதை ஓட்டினவர் யார், முதல் அழைப்பு எந்தத் தோட்டத்துக்கு, கோத்தா திங்கி வெள்ளத்தில் எந்தக் கம்பத்துக்குப் போனீங்க, யார் சமைத்தார்கள் என்று கேட்க வேண்டும். பெயரும் இடமும் கேட்டால் நினைவு தானாக எழுந்து வரும். பாட்டியைத் தனியாகக் கேட்க வேண்டும். அவர் சொல்வது வேறாக இருக்கும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இதை ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் திட்டவேலையாகவே கொடுக்கலாம். பதிவின் ஒரு பிரதியை அவர் வேலை பார்த்த ஸ்டேஷனுக்குக் கொடுத்தால் இளைஞர்கள் கேட்பார்கள். பாலத்தடிச் சுழல் எங்கே இருக்கிறது என்ற அறிவு அப்படித்தான் கைமாறும்.

இரண்டாவது வேலை அவசரமானது. அரசாங்க கிளினிக்கில் டாக்டர் ‘முன்ன என்ன வேலை பார்த்தீங்க?’ என்று கேட்டால், ‘கவர்மெண்ட் வேலை’ என்று சொல்லிவிட்டு மருந்தை வாங்கிக்கொண்டு வந்துவிடும் பெரியவர்கள்தாம் அதிகம். மகனோ மகளோ கூடப் போக வேண்டும். எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை பொம்பாவில் இருந்தார், எந்தெந்த ஸ்டேஷன், இரசாயனத் தீ எதற்காவது போனாரா, பழைய கட்டடங்கள் இடிந்த இடத்தில் நின்றாரா, சிகரெட் உண்டா என்பதை ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் காட்ட வேண்டும். சிறுநீரில் ஒரே ஒரு முறை, வலியே இல்லாமல், இரத்தம் வந்தாலும் ‘சூடு’ என்று இளநீர் குடித்துவிட்டு இருக்கக்கூடாது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் அதுதான், சீக்கிரம் கண்டால் குணப்படுத்த வாய்ப்பு அதிகம். மாடிப்படி ஏறும்போது புதிதாக மூச்சு வாங்கினால் வயசாச்சு என்று விடக்கூடாது. சட்டை துவைத்த அம்மாவையும் அதே நாளில் காட்டிவிட வேண்டும். எழுதிய தாளை கிளினிக் அட்டையோடு சேர்த்தே வைத்திருப்பது நல்லது. அடுத்த முறை போகும்போது வேறு டாக்டர் இருப்பார்.